மூன்று ரீலும் 64 இடமும்: ஸ்லாட் மெஷின் மாதிரி செய்த அனுபவம்

காசு போட்டால் படங்கள் ஒட்டிய உருளைகள் (ரீல்கள்) சுழன்று நிற்கும், படங்கள் பொருந்தினால் பரிசு விழும்; அந்தச் சூதாட்ட இயந்திரம்தான் ஸ்லாட் மெஷின். அது எப்படி வேலை செய்கிறது என்று யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் கையில் இருக்கும். உள்ளே காந்தம் வைத்திருப்பார்கள் என்பார் ஒருவர். நிறையக் காசு சேர்ந்த பிறகுதான் பரிசு விழும் என்பார் இன்னொருவர். லீவரை மெதுவாக இழுக்கத் தெரிந்தால் போதும் என்பவரும் உண்டு. மூன்றுமே சரியில்லை. அங்கே நடப்பது வெறும் கணக்கு. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் கையால் தொட்டு, பின்பக்கம் திறந்து பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்தேன். மூன்று ரீல், காசுக்குப் பதில் பிளாஸ்டிக் டோக்கன், பரிசுக்குப் பதில் புள்ளி, முதுகுப் பக்கம் ஒரு சின்னத் திரை. அந்தத் திரைக்காகத்தான் இத்தனை வேலையும்.

முதலில் பழைய இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் மாதிரியில் பாதி முடிவுகள் அங்கிருந்து வந்தவை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே என்ற மெக்கானிக் 1890களின் பிற்பகுதியில் லிபர்ட்டி பெல் என்ற இயந்திரத்தைச் செய்தார். மூன்று ரீல், ஒவ்வொன்றிலும் 10 நிறுத்தம், அதாவது ரீல் நிற்கக்கூடிய 10 இடம். 10 × 10 × 10 என்று மொத்தம் 1,000 சேர்க்கை. மூன்று மணிப் படமும் ஒரே வரிசையில் நின்றால் அதிகபட்சப் பரிசான 50 சென்ட். மின்சாரமே கிடையாது. இந்த வகை இயந்திரத்தில் லீவரை இழுக்கும்போது ஸ்பிரிங் இறுகும். அது விடுபடும்போது ரீல்களுக்கு ஒரு உந்தல் கிடைத்து மூன்றும் சேர்ந்து சுழலும். ஒவ்வொரு ரீலின் பக்கத்திலும் பல்வெட்டிய சக்கரம் ஒன்று இருக்கும். அந்தப் பல்லுக்குள் ஒரு நெம்புகோல் விழுந்தால் ரீல் நின்றுவிடும். மூன்று நெம்புகோலும் ஒரே நேரத்தில் விழாது. ஸ்பிரிங்கில் ஓடும் சிறு பற்சக்கர அமைப்பு ஒன்று அவற்றை வரிசையாக விடுவிக்கும். அது தறிகெட்டு ஓடாமல் இருக்க நுனியில் ஒரு குட்டி விசிறி. விசிறிக்குக் காற்று தரும் தடைதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ரீல்கள் 'டக், டக், டக்' என நிற்பதன் காரணம் இதுதான்.

பரிசைத் தீர்மானிப்பதும் உலோகம்தான். ரீலோடு சேர்ந்து சுற்றும் தட்டில், பரிசுக்குரிய இடங்களில் மட்டும் துளை இருக்கும். ரீல்கள் நின்றதும் மெல்லிய உலோக விரல்கள் தட்டுகளைத் தடவிப் பார்க்கும். மூன்று விரலும் துளைக்குள் இறங்கினால் காசுக் குழாயின் அடியில் இருக்கும் தகடு நகர்ந்து காசைத் தள்ளும். ஒரு விரல் தட்டில் முட்டி நின்றாலும் ஒன்றும் கிடைக்காது.

ஆக, பழைய இயந்திரத்தில் ரீல் எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு. ரீலில் உள்ள படங்களை எண்ணத் தெரிந்தவர் யாரும் பரிசு விழும் வாய்ப்பைக் கணக்கிட்டுவிடலாம். இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீல்

பிற்கால இயந்திர ரீல்களில் 20 நிறுத்தம் பரவலாக இருந்தது. நானும் 20 வைத்துக்கொண்டேன். அதற்கு இன்னொரு காரணம் மோட்டார். சிறு சிறு படிகளாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார், நெமா 17 என்ற அளவில், ஒரு சுற்றுக்கு 200 படி நகரும். அரைப்படி முறையில் ஓட்டினால் 400. அதை 20 ஆல் வகுத்தால் ஒரு நிறுத்தத்துக்குச் சரியாக 20 அரைப்படி. மிச்சம் இல்லை, தசமம் இல்லை.

ரீலின் விட்டம் 160 மி.மீ. அந்த அளவில் பிவிசி குழாய் எளிதாகக் கிடைக்கும், வெட்டினால் வளையம் தயார். ஆனால் எடை எல்லாம் விளிம்பில் இருப்பதால் அதைச் சட்டென்று சுற்றவும் நிறுத்தவும் சின்ன மோட்டாருக்குச் சிரமம், படி தவறும். அதனால் இரண்டு ஃபோம் போர்டு வட்டங்களை வெட்டி, நடுவில் இடைவெளி விட்டு, மேலே சார்ட் பேப்பர் பட்டையைச் சுற்றினேன். தூக்கிப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பட்டையின் நீளத்தைக் கணக்கில் போட்டு எடுக்காதீர்கள். 160 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 502.65 மி.மீ. என்று கணக்கு சொல்லும். காகிதத்தின் தடிமன், பசை, வெட்டின் பிசிறு எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு மி.மீ. கூடிவிடும். வெற்றுப் பட்டையை இறுக்கமாகச் சுற்றி, மேலேறும் இடத்தில் பென்சில் கோடு போட்டு, கழற்றி விரித்து, அந்த நீளத்தை 20 ஆகப் பிரிப்பதுதான் சரி. எனக்கு ஒரு கட்டம் 25 மி.மீ.க்குச் சற்று மேல் வந்தது. இணைப்பு விழும் இடத்தை வெற்றுக் கட்டத்துக்குள் வைத்தால் படத்தின் மேல் தழும்பு தெரியாது.

வெற்றுக் கட்டமா என்றால், ஆம், 20 கட்டத்தில் 10 மட்டும்தான் படம். ஒரு படம், ஒரு வெற்றிடம் என்று மாறிமாறி வரும். ஏழு என்ற எண் ஒன்று, மணி மூன்று, செர்ரி ஆறு. மூன்று ரீலுக்கும் ஒரே பட்டை.

முன்பக்க ஜன்னலின் உயரம் 75 மி.மீ. நடுவில், பரிசைத் தீர்மானிக்கும் கோட்டில் நிற்கும் கட்டம், அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. 25 மி.மீ. மட்டும் திறந்துவிட்டாலும் விளையாட்டு நடக்கும், புள்ளியும் மாறாது. ஆனால் ஆடுகிறவர் கண்ணுக்கு எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்பது அந்த ஜன்னலை வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. கோட்டுக்கு ஒரு கட்டம் மேலே ஏழு நின்றால் அதைப் பார்க்க வழி வேண்டுமல்லவா?

மோட்டார், சென்சார்

நிரலை ஓட்டும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஒன்று, மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஏ4988 டிரைவர் மூன்று, 12 வோல்ட் சப்ளை. ஒவ்வொரு டிரைவரின் மோட்டார் மின்வழியிலும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். இதைத் தவிர்த்தால் டிரைவர் உயிரை விடும். மோட்டாரை இணைப்பதற்கு முன்பே மின்னோட்ட வரம்பை வைப்பது நல்லது. ரீல் இவ்வளவு லேசாக இருப்பதால் 0.6 ஆம்பியர் போதும். போர்டில் உள்ள சிறு மின்தடை 0.1 ஓம் என்றால் திருகு முனையில் 0.48 வோல்ட் வர வேண்டும். சில போர்டுகளில் 0.05 ஓம் இருக்கும், அங்கே 0.24. எது என்று பார்க்காமல் திருகாதீர்கள்.

மின்சாரம் போட்டதும் ரீல் எந்த நிலையில் இருக்கிறது என்று மோட்டாருக்குத் தெரியாது. அதற்கு ரீலின் பக்கவாட்டில் ஒரு கறுப்புத் தட்டு, அதில் ஒரே ஒரு வெட்டு. தட்டின் விளிம்பு 'ப' வடிவ அகச்சிவப்பு சென்சாரின் இடுக்குக்குள் ஓடும். வெட்டு கடக்கும் நொடியில் ஒளி பாயும், அதுதான் பூஜ்யம். வெட்டின் எந்த ஓரத்தைப் பூஜ்யமாக எடுப்பது என்பதை ஒருமுறை முடிவு செய்து, எப்போதும் ஒரே திசையில் சுற்றி அதைத் தேட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இதைச் சரிபார்த்தால், யாராவது விரலை வைத்து ரீலைத் தடுத்தாலும் அடுத்த சுற்றிலேயே நிலை திருந்திவிடும். கண்காட்சியில் விரல் வைக்காத பிள்ளை கிடையாது.

மூன்று மோட்டாரையும் ஒரே சிப் ஓட்டுவதால் நேரத்தைப் பங்கிட வேண்டும். 100 மைக்ரோநொடிக்கு ஒருமுறை டைமர் குறுக்கிடும். ஒவ்வொரு முறையும் மூன்று ரீலையும் வரிசையாகப் பார்த்து, படி வைக்கும் நேரம் வந்த மோட்டாருக்கு மட்டும் துடிப்பு போகும். நொடிக்கு 100 அரைப்படியில் கிளம்பி 600 வரை சீராக ஏற்றினேன். எடுத்த எடுப்பில் 600 கொடுத்தால் மோட்டார் நின்ற இடத்திலேயே முனகும்.

நிற்கும்போது ஒரு சின்ன வேலை. இலக்கைத் தாண்டி 4 அரைப்படி போய், உடனே 4 பின்வாங்க வேண்டும். ஒரு கட்டத்தின் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் பழைய இயந்திரத்தில் நெம்புகோல் பல்லுக்குள் விழுந்து ரீல் குலுங்குவது போன்ற அந்தத் துள்ளல் வந்துவிடும். இதைச் சேர்ப்பதற்கு முன் ரீல்கள் பிரிண்டர் மாதிரி நின்றன. சேர்த்த பின் பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

டோக்கன் போகும் வழி

இயந்திரத்துக்குப் பெயர் வந்ததே காசு போடும் பிளவிலிருந்துதான்; ஸ்லாட் என்றால் பிளவு. ஆங்கிலத்தில் முன்பு காசு போட்டால் இயங்கும் எடை இயந்திரம், மிட்டாய் இயந்திரம் எல்லாவற்றுக்குமே ஸ்லாட் மெஷின் என்ற பெயர் இருந்தது. சூதாட்ட இயந்திரத்துக்கு அது நிலைத்துவிட்டது. காசின் எடையால் இயங்கும் யோசனை இன்னும் பழையது. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோ எழுதி வைத்த புனித நீர்க் கருவியில், நாணயம் ஒரு தட்டில் விழுந்து நெம்புகோலைச் சாய்க்கும், வால்வு திறக்கும், காசு சரிந்து விழுந்ததும் மூடிக்கொள்ளும்.

என் டோக்கன் 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். பிளவை 26 மி.மீ. நீளம், 2.5 மி.மீ. அகலத்தில் வெட்டினேன். பெரியது உள்ளேயே நுழையாது. சிறியதை வடிகட்ட, உள்ளே சரிவான தண்டவாளம். டோக்கன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்தபடி உருண்டு வரும். சுவரில் ஓரிடத்தில் பெரிய திறப்பு இருக்கும், அதன் மேல் விளிம்பு தண்டவாளத்திலிருந்து 24 மி.மீ. உயரத்தில். 25 மி.மீ. டோக்கனுக்கு அந்த விளிம்பில் தலை சாயும், தாண்டிப் போய்விடும். 22 மி.மீ. நாணயத்துக்குச் சாய இடமில்லாமல் திறப்பின் வழியே வெளியே விழும். மின்சாரம் எதுவும் இல்லாமல் இவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கிற வேலையைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. இரும்பு வாஷரைப் போட்டால் பிடித்துக்கொள்ள ஒரு காந்தமும் வைத்தேன்.

நூல் கட்டிய காசை உள்ளே விட்டு மேலே இழுக்கும் பழைய தந்திரத்துக்கு இரண்டு சென்சார் வேண்டும். 15 மி.மீ. இடைவெளியில் வைத்தால் டோக்கன் போகும்போது முதலில் மேல் சென்சார் மட்டும் மறையும், அப்புறம் இரண்டும், அப்புறம் கீழது மட்டும், கடைசியில் எதுவும் மறையாது. இந்த நான்கு நிலையும் இதே வரிசையில் வந்தால்தான் ஒரு ஆட்டம். வரிசை திரும்பினால் கணக்கில் சேராது.

முடிவு எங்கே நடக்கிறது

இனி இயந்திரத்தின் மூளை. சமவாய்ப்பு எண்ணை உருவாக்கும் நிரல், ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானை அமுக்கும் வரை காத்திருப்பதில்லை. யாரும் ஆடாதபோதும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அமுக்கிய நொடியில் எந்த எண் இருக்கிறதோ அதுதான் எடுபடும். நிஜ இயந்திரங்களிலும் இப்படித்தான். "நான் எழுந்த உடனே அடுத்து உட்கார்ந்தவருக்கு விழுந்தது" என்ற வருத்தத்துக்கு இதில் இடமே இல்லை. நீங்கள் உட்கார்ந்தே இருந்திருந்தாலும் அதே மைக்ரோநொடியில் அமுக்கியிருக்க மாட்டீர்கள்.

எண்ணை நிறுத்தமாக மாற்றும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. 0 முதல் 255 வரையிலான எண்ணை 20 ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 256 என்பது 20-இன் 12 மடங்கும் 16-உம். அதனால் முதல் 16 நிறுத்தங்களுக்கு 13 வாய்ப்பும் கடைசி நான்குக்கு 12 வாய்ப்பும் கிடைக்கும். 240-உம் அதற்கு மேலும் வந்தால் தள்ளிவிட்டு வேறு எண் எடுக்க வேண்டும். 64 என்றால் இந்தத் தொல்லை இல்லை, 256 அதில் சரியாக வகுபடும்.

ஏன் 64? பழைய ரீலுக்கு ஒரு சுவர் இருந்தது. 20 நிறுத்தம், மூன்று ரீல் என்றால் 8,000 சேர்க்கை. 22 நிறுத்தம் என்றால் 10,648. அதற்குமேல் அரிதான பெரிய பரிசு வேண்டுமானால் ரீலைப் பெரிதாக்க வேண்டும், அல்லது நான்காவது ரீல் சேர்க்க வேண்டும். 1984-இல் டெல்னேஸ் என்பவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை, எண் 4,448,419, இந்தச் சுவரை உடைத்தது. ரீலை அப்படியே வைத்துக்கொண்டு, கணினியின் நினைவகத்தில் அதைவிட நீளமான ஒரு பட்டியல் வைப்பது. எண் அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்படும். பட்டியல் எந்த நிறுத்தத்தைக் காட்டுகிறதோ அங்கே போய் நிற்பது மட்டுமே ரீலின் வேலை.

என் பட்டியலில் 64 இடம். ஏழுக்கு ஒரே ஒரு இடம். மூன்று மணிகளுக்கும் தலா 3, ஆக 9. ஆறு செர்ரிக்கும் தலா 3, ஆக 18. ஏழுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு வெற்றிடங்களுக்குத் தலா 6, ஆக 12. மீதி எட்டு வெற்றிடத்துக்குத் தலா 3, ஆக 24. கூட்டினால் 64.

மூன்று செர்ரிக்கு 25 டோக்கன், மூன்று மணிக்கு 100, மூன்று ஏழுக்கு 5,000 என்று பரிசு எழுதி முன்பக்கம் ஒட்டினேன்; கொடுப்பது அதே அளவு புள்ளிதான்.

இப்போது ரீலை எண்ணத் தெரிந்த ஒருவர் வந்து நிற்கிறார். ஜன்னல் வழியே பட்டையைப் பார்த்து எண்ணுகிறார். செர்ரி 6 × 6 × 6 = 216 வழி, 25 மடங்கு, 5,400. மணி 27 வழி, 100 மடங்கு, 2,700. ஏழு ஒரே வழி, 5,000. மொத்தம் 13,100. சேர்க்கை 8,000. அதாவது 100 டோக்கன் போட்டால் சராசரியாக 164 திரும்பி வரும் இயந்திரம்! அவர் எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை.

பட்டியலை வைத்துக் கணக்கிட்டால் சேர்க்கை 64 × 64 × 64 = 2,62,144. செர்ரி 5,832 வழி, 1,45,800 டோக்கன். மணி 729 வழி, 72,900. ஏழு ஒரே வழி, 5,000. மொத்தம் 2,23,700. 100 போட்டால் திரும்புவது 85.3.

அதே ரீல், அதே படம், அதே பரிசுப் பலகை. 164 ஒரு பக்கம், 85 ஒரு பக்கம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான், செய்த வேலைக்கெல்லாம் பலன் கிடைத்ததாக உணர்ந்தேன். இது சட்டத்துக்குப் புறம்பான எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் திரும்பும் பங்கு குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. என் இயந்திரம் அதில் தாராளமாகத் தேறிவிடும்.

ஏழுக்குப் பக்கத்து வெற்றிடங்களைக் கவனித்தீர்களா? பட்டியல் இல்லாத ரீலில் ஏழு ஒருமுறை கோட்டில் நின்றால், இரண்டு முறை கோட்டுக்கு மேலேயோ கீழேயோ நிற்கும். என் பட்டியலில் ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஒவ்வொரு ரீலிலும் ஏறக்குறைய ஐந்து சுற்றுக்கு ஒருமுறை ஏழு ஜன்னலில் தெரியும், ஆனால் கோட்டில் இருக்காது. "ஒரு கட்டம்தான் தவறிப்போச்சு" என்று மனம் அடித்துக்கொள்ளும். எதுவும் தவறிப்போகவில்லை. அந்த வெற்றிடத்துக்கு ஆறு இடம் கொடுத்தது நான். எழுதும்போதே எனக்குச் சங்கடமாக இருந்தது. இப்படி ஒரு எண்ணைக் கூட்டிவைத்தால் எத்தனை பேரின் இரவு நீளும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ரீலைச் சுற்றாமல் நிரலை மட்டும் கணினியில் பத்து லட்சம் ஆட்டம் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. மூன்று ஏழு சராசரியாக நான்கு முறைகூட வராது. ஏழை விட்டுவிட்டால் திரும்புவது 83.4 மட்டும். ஒரு மாலை முழுக்க ஆடுகிறவருக்கு நடைமுறையில் அதுதான் இயந்திரம்.

பின்பக்கத் திரை

பொத்தானை அமுக்கியதும் ரீல் நகர்வதற்கு முன்பே பின்னால் உள்ள திரையில் மூன்று பட்டியல் எண்ணும் முடிவும் வந்துவிடும். கண்காட்சியில் பாதிப் பேரை முன்னாலும் பாதிப் பேரைப் பின்னாலும் நிறுத்தினேன். முதல் ரீலில் செர்ரி, இரண்டாவதிலும் செர்ரி. முன்னால் இருப்பவர்கள் கத்துகிறார்கள், ஒருவன் ஜன்னலைத் தட்டுகிறான். பின்னால் இருப்பவர்களுக்கு மூன்றாவது வெற்றிடம் என்று நான்கு நொடிக்கு முன்பே தெரியும். அப்புறம் இடம் மாறச் சொன்னேன். பின்னாலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ எதுக்கு சார் ரீல் சுத்துது?" நான் விளக்க நினைத்திருந்த எல்லாவற்றையும் அவள் ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். 1976-இல் வந்த வீடியோ இயந்திரத்தில் ரீலே கிடையாது, திரையில் படம்தான் என்று சொன்னதும் அவளே தலையாட்டினாள்.

பக்கவாட்டில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தள்ளினால் 20 நிறுத்தமும் சமம், மறுபக்கம் 64 இடப் பட்டியல். முன்னால் நின்று பார்த்தால் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பட்டியலையும் அச்சிட்டுப் பின்கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் ரீலோடு ஒப்பிட்டு எண்ணட்டும்.

செய்ய நினைப்பவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். நிறுத்தம் 20 வேண்டாம் என்றால் 25 வைக்கலாம், ஒன்றுக்கு 16 அரைப்படி சரியாக வரும். 22 வைத்தால் 400 வகுபடாது. நிறுத்தங்களின் படி எண்ணைத் தனிப் பட்டியலாக எழுதி, சிலவற்றுக்கு 18, சிலவற்றுக்கு 19 என்று கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பட்டியலில் கொடுத்த இடங்களின் எண்ணிக்கையை மாற்றி விளையாடும்போது கூட்டுத்தொகை 64 வருகிறதா என்று நிரல் தொடக்கத்திலேயே சரிபார்க்கும்படி எழுதுங்கள். வரவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகக் கூடாது.